நாற்காலிக்கு எழுதிய அட்டை

மட்டாஞ்சேரி
3 ஆகஸ்ட் 1981

சிரஞ்சீவி வெங்கிடேஸ்வரனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

நீங்கள் நால்வரும் சௌக்கியம் என்று உன் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. ஆகவே அதைத் திரும்பவும் கேட்டு ஏரோகிராமில் இடத்தை வீணாக்கவில்லை. நானும் சௌக்கியம்தான். மழை மட்டும் ஓயவில்லை. துணி காயாமல் வீடெங்கும் கொடி கட்டியிருக்கிறது.

போர்ட் கொச்சி வீட்டுச் சாவியைப் பிச்சுமணி வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தான். உன் சித்தப்பா பிள்ளைக்கு இப்போது தொப்பை விழுந்துவிட்டது. ஆனாலும் சொன்ன காரியத்தைச் சொன்ன நாளில் முடிக்கிறான்; நம் குடும்பத்தில் அந்தக் குணம் அவன் ஒருவனுக்குத்தான் வந்திருக்கிறது. அவனோடு போய் வீட்டைப் பார்த்தேன். நல்ல வீடு. முன்னறையில் நின்றால் கடல் தெரியாது, சத்தம் கேட்கும். பெயிண்டர் ஜன்னல்களுக்குப் பச்சை அடித்து வைத்திருந்தான். நான் வெள்ளை என்றுதான் சொல்லியிருந்தேன். பச்சைதான் அம்மே இப்போ பேஷன் என்றான். சுரண்டச் சொல்லிவிட்டேன்.

மட்டாஞ்சேரி வீட்டில் ஒரே ஒரு குளியலறை, அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கு அது சரிப்படாது, அதனால்தான் விடுமுறைக்கென்று தனி வீடு வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குளியலறையில்தான் நீ முப்பது வயது வரை குளித்தாய். போகட்டும்.

ஸ்வர்ணலதா ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சுவரில் மீன் வலையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கூடைகளையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட வேண்டும் என்று ஓரத்தில் அவள் எழுதியிருக்கிறாள். உருளியில் பாயசம் கிண்டித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் உன் மனைவி கேட்டிருக்கிறாள், ஆகவே பூ மிதக்கும். வலை மட்டும் முடியாது. எவ்வளவு கழுவினாலும் அதற்கு நாற்றம் போகாது என்று துறையில் வலை இழுக்கிறவனே சொல்லிவிட்டான்.

இனி நீ கேட்ட விஷயம். அந்த வீட்டில் கடையில் வாங்கிய சாமான் ஒன்றும் வேண்டாம், அப்பாவின் சாமான்கள்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பட்டியலும் போட்டிருக்கிறாய்: சாய்வு நாற்காலி, சுவர்க் கடிகாரம், சவரக் கண்ணாடி, கறுப்புக் குடை, வேலை பார்த்த கம்பெனியின் கிடங்கிலிருந்து அவர் கொண்டுவந்த மிளகுச் சல்லடை. தாத்தாவைப் பார்க்காத குழந்தைகள் அவற்றைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் உன் கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஓர் அட்டை வை அம்மா என்கிறாய்.

ஒருவர் போனபின் சில பொருட்களைத் தானம் கொடுப்பது வழக்கம். நீ அப்போது இங்கே இல்லாததால் எது போயிற்று, எது போகவில்லை என்று உனக்குத் தெரிய வழியில்லை. தேடிப் பார்க்கிறேன்.

வீடு தயாரானால் டிசம்பரில் வருவோம், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான் விடுமுறை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். நீ இந்த ஊரை விட்டு ஏழு வருடம் ஆகிறது. வீடு தயாராகும்.

ஸ்வர்ணலதாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

அம்மா


மட்டாஞ்சேரி
12 அக்டோபர் 1981

சிரஞ்சீவி வெங்கிடேஸ்வரனுக்கு ஆசீர்வாதம்.

இத்துடன் ஆறு புகைப்படங்கள் இருக்கின்றன. பிச்சுமணி எடுத்தது. இரண்டாவது படத்தில் தெரியும் விரல் அவனுடையது.

நீ கேட்டபடி எல்லாம் வைத்தாகிவிட்டது. சாய்வு நாற்காலி முன்னறையில், ஜன்னலுக்கு நேரே. பிரம்பு தளர்ந்திருந்தது, புதிதாகப் பின்னச் சொன்னேன். கடிகாரம் உள்ளறைச் சுவரில். ஓடுகிறது, ஆனால் மணி அடிக்காது. சவரக் கண்ணாடியைக் குளியலறைக்கு வெளியே மாட்டியிருக்கிறேன். ரசம் கொஞ்சம் போயிருப்பதால் மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், குழந்தைகள் சிரிக்கப் போகிறார்கள். குடை வாசலருகே. சல்லடை சுவரில், ஸ்வர்ணலதாவின் பத்திரிகைப் படத்தில் கூடை இருந்த இடத்தில். மிளகைச் சலிக்கிற சாமானைச் சுவரில் மாட்டியதைப் பார்த்தால் உன் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

ஜூ டவுனில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் நூர் முகம்மதுதான் பாலீஷ் போடுவது, கைவண்டியில் ஏற்றி அனுப்புவது எல்லாவற்றுக்கும் உதவியாக இருந்தார். தமிழ் பேசுகிறவர், மரியாதை தெரிந்தவர். அவர் தெருவில் இப்போது யூதர் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. போகிறவர்கள் கட்டில், பீரோ, விளக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகிறார்கள். அவற்றை வாங்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அவர் கடையில் நடக்கவே இடமில்லை.

அட்டைகளும் எழுதிவிட்டேன். கான்வென்டில் மதர் பியாட்ரிஸ் என் கையெழுத்தைத்தான் மற்றப் பெண்களுக்குக் காட்டுவார்கள். இப்போது கை சற்று நடுங்குகிறது. நாற்காலி அட்டையை நான்கு தடவை எழுத வேண்டியிருந்தது. ‘உங்கள் தாத்தா அனந்தநாராயணன் மாலை வேளையில் அமரும் நாற்காலி’ என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவு போதும்.

வாசற்படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது என்று பிச்சுமணி உனக்கு எழுதியிருப்பான். அவனுக்கு எழுத வேறு விஷயம் கிடைப்பதில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், சாப்பிடுகிறேன்.

டிக்கெட் வாங்கியதும் தேதியை எழுது.

அம்மா


மட்டாஞ்சேரி
29 நவம்பர் 1981

என் அருமை வெங்கிடேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது.

உன் எட்டுப் பக்கக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இவ்வளவு நீளமாக நீ எனக்கு எழுதியதே இல்லை. ஐந்து தடவை படித்துவிட்டேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது, பதினேழாம் தேதி புறப்பட்டு இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பம்பாய் விமானத்தில் இங்கே வந்து இறங்குகிறோம் என்று எழுதியிருக்கிறாய். டிக்கெட் வாங்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் அம்மா இதை எழுதுகிறாள் என்று படித்து முடித்ததும் நினைப்பாய். அப்படித்தான் செய்தேன்.

புகைப்படத்தில் நாற்காலியின் வலது கையில் ஒரு சுட்ட வடு தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது வயதில் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் நீ வைத்ததால் வந்த வடு அது, அப்பா வந்து பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை, செய்தித்தாளை மடித்து அதன்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார் என்கிறாய். இந்த ஐந்து வருடமாக நீ தூங்காத ராத்திரிகளைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்த வடுவைப் பார்த்ததும் அப்பா உன்னை மன்னித்துவிட்டதாகத் தோன்றியது என்றும், பெரியவள் அதைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுத, டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினாள் என்றும் எழுதியிருக்கிறாய்.

வெங்கிடு, அந்த நாற்காலி நம்முடையதல்ல. செப்டம்பர் மாதம் நூர் முகம்மது கடையில் வாங்கினேன். அந்த வடு யார் வீட்டுப் பையன் வைத்ததோ, எனக்குத் தெரியாது. கடிகாரம், கண்ணாடி, குடை, சல்லடை எல்லாமே அவர் கடையில் வாங்கியவைதான். நம் வீட்டில் நீ சுட்டது அப்பாவின் மேஜையை. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கவும் இல்லை. நன்றாகத் திட்டினார், இரண்டு நாள் உன்னோடு பேசவும் இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். பாதி உண்மை எழுதி எனக்குப் பழக்கமில்லை. முழுப் பொய்யை இரண்டு மாதமாக எழுதிவிட்டேன்.

அப்பாவின் சாமான்கள் எங்கே என்று கேட்பாய். சொல்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் அப்பா போனதும் உனக்குத் தந்தி கொடுத்த மூன்றாம் நாள் உன் பதில் வந்தது. விசா காகிதங்கள் கையில் இல்லை, இப்போது வெளியேறினால் திரும்ப விடமாட்டார்கள், வர முடியவில்லை என்று. அதில் உன் தவறு எதுவும் இல்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்றும் தெரியும். ஆனால் நான் தர்ப்பைப் புல் கொடுத்து உரிமையை மாற்றி, உன் ஸ்தானத்தில் பிச்சுமணி உட்கார்ந்து உன் அப்பாவுக்கு எல்லாம் செய்தான். மந்திரத்தில் உன் பெயர் வரும்போதெல்லாம் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் தானத்துக்குக் கட்டில், குடை, செருப்பு, ஒரு விளக்கு, ஒரு ஆசனம் போதும் என்றார் சடங்கு செய்துவைத்த வாத்தியார். ஆசனத்துக்கு ஒரு மணைப்பலகை போதும். நான் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தேன். கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். மாமி, கடிகாரம் சாஸ்திரத்தில் சொல்லலையே என்று வாத்தியாரே தயங்கினார். சாஸ்திரத்தில் பிள்ளை வரணும்னுதான் சொல்லியிருக்கு, எடுத்துண்டு போங்கோ என்றேன். கண்ணாடி, பேனா, மூக்குக்கண்ணாடி, சட்டைப் பொத்தான்கள் வரை கொடுத்தேன். சல்லடையை வீடு பெருக்கும் அங்கம்மாளிடம் கொடுத்தேன். அவள் கோழிக்குஞ்சுகள்மேல் கவிழ்த்து மூடுவதற்கு வைத்திருந்தாள், இரண்டு மழையில் மக்கிவிட்டது. நீ என்றாவது வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்ல வேண்டும், அதற்காகவே கொடுத்தேன். அப்போது எனக்கு எழுபது வயது. அந்த வயதில் புத்தி இருந்திருக்க வேண்டும்.

நீ கேட்டுவிட்டாய். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்றால் வீடு தயாராகாது, வீடு தயாராகாவிட்டால் நீ வரமாட்டாய் என்று பயந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். கொடுத்த தானத்தைத் திரும்பக் கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்துதான் போனேன். கடிகாரமும் கட்டிலும் பாலக்காட்டில் யாருக்கோ விற்றுப் போய்விட்டன. கண்ணாடி உடைந்துவிட்டதாம். நாற்காலி இருந்தது. வாத்தியார் அதில்தான் படுத்திருந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது அவருக்கு. என்னைப் பார்த்ததும் அவர் மனைவி, வாங்கோ மாமி, வேற ஆசனம் இல்லை, இவரைக் கொஞ்சம் எழுப்பி உக்கார வெக்கறேன், நீங்க இதுலயே உக்காருங்கோ, உங்காத்து நாற்காலிதானே என்று சொல்லிக்கொண்டே அவரைத் தூக்கப் போனாள். வேண்டாம் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா புண்ணியத்துல இவருக்குச் சாஞ்சுக்க ஒரு இடம் இருக்கு மாமி, கட்டில்ல படுத்தா மூச்சு முட்றது என்றாள். எதற்கு வந்தேன் என்று அவள் கேட்டாள். விசாரிக்க வந்தேன் என்று சொல்லி, கொண்டுபோன வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேரே ஜூ டவுனுக்கு நடந்தேன். ஆளோட நாற்காலி எப்படியாக்கும் இருந்தது, அடையாளம் சொல்லுங்கம்மா என்று கேட்டார் நூர் முகம்மது. சொன்னேன். ஒரு மாதத்தில் ஐந்து சாமானும் சேர்த்துவிட்டார். நான் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, இது தேக்கு இல்லை, இந்தக் கைப்பிடி வளைவு போதாது என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா, நான் வெள்ளக்காரன்கிட்ட இது டச்சு கப்பல் கப்பித்தான் உக்காந்திருந்த கசேரைன்னு சொல்லித்தான் விக்கிறேன், அதுக்குக்கூட இத்தர கஷ்டப்பட்டதில்ல, யாபாரத்துல நீங்க என்னெவிட வலிய கச்சவடக்காரியாகிப் போனீங்க என்றார். பாலீஷ் போட்டால் அந்த வடுவை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். உபயோகித்த சாமான் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

அங்கம்மாளை அந்த வீட்டைப் பெருக்க அழைத்துப் போனபோது அவள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எம்மா, பன்னெண்டு வருசமா உங்க வீட்டப் பெருக்குதேன், இந்த நாக்காலிக்கு அடியில நான் பெருக்குனதே இல்லையே என்றாள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் நீங்கள் வந்து இறங்கினால் மூடிக்கொண்டிருப்பாள் என்று சொல்ல முடியாது. அவள் சொல்லி நீ தெரிந்துகொள்வதை என்னால் தாங்க முடியாது.

இதற்காக மட்டும் எழுதவில்லை. அப்பா மன்னித்துவிட்டார் என்று நீ எழுதிய வரிக்காக எழுதுகிறேன். அதை உனக்குச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லாமல் ஐந்து வருடம் வைத்துக்கொண்டேன். கடைசியில் எவனோ சுட்ட ஒரு மரக்கட்டை அதை உனக்குச் சொல்லியிருக்கிறது. உன் அப்பாவுக்கு உன்மேல் கோபமே இருந்ததில்லை. கடைசி இரண்டு நாளும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெங்கிடு ஊர்ல இப்போ மணி என்ன என்று கேட்பார். நான் எண்ணிச் சொல்வேன். தூங்கிண்டிருப்பான், எழுப்பாதே என்பார். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்பார். கோபம் எனக்கு. அவருடைய கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்தேனே, அதெல்லாம் உன்மேல் எனக்கு இருந்த கோபம்.

நேற்று போர்ட் கொச்சி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து புதிய அட்டைகள் எழுதலாம் என்று பார்த்தேன். ‘சாய்வு நாற்காலி. யாருடையது என்று தெரியவில்லை’ என்று ஒன்று எழுதினேன். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதோ போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. அதற்குமேல் எழுத வரவில்லை. பழைய அட்டையைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. சாமான்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் வீடு வெறும் சுவராக நிற்கும். வைத்திருந்தால் அது பொய்யாக நிற்கும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று நான் யாருக்கும் எழுதியதில்லை, உன் அப்பாவுக்குக்கூட. குழந்தையின் கட்டுரையை என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். பாட்டி பொய் சொன்னாள் என்று சொல்வதானால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் நாளை தபாலில் சேரும். பத்து நாளிலும் வரும், இருபது நாளிலும் வரும். நீ புறப்படும் முன் கிடைத்தால், கோபத்தில் டிக்கெட்டைத் திருப்பிவிடாதே. இரண்டு வருடம் கழித்து வருகிறேன் என்று எழுதாதே. டாக்டர் கொடுக்கும் மாத்திரை ஒன்றிலிருந்து மூன்றாகிவிட்டது. பிச்சுமணிக்கு இது தெரியாது. உன் அப்பா வைத்துவிட்டுப் போனவற்றில் நான் தானம் கொடுக்காதது என்னை மட்டும்தான்.

கடிதம் கிடைக்காமலே நீ வந்து இறங்கினால், பிச்சுமணி காரோடு ஏர்போர்ட்டில் நிற்பான். நேரே கடற்கரை வீட்டுக்குப் போகச் சொல்லாதே. முதலில் இங்கே வா. ஒரே குளியலறைதான், வரிசையாகக் குளித்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குக் காரம் போடாமல் சமைத்து வைக்கிறேன். சாப்பிட்டபின் உன்னைத் தனியாக உட்காரவைத்து இதில் உள்ளதை நானே வாயால் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் அந்த வீட்டைத் திறப்பதா வேண்டாமா என்று நீ சொல். அதுவரை சாவி என் இடுப்பில்தான் இருக்கும். பிச்சுமணி கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

நீயும் ஸ்வர்ணலதாவும் குழந்தைகளும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். பத்திரமாக வந்து சேர், கண்ணே. வந்து சேர்ந்தால் போதும்.

உன் அம்மா